கிடத்தி வைத்த வளையங்கள்

அயர்லாந்துக்கு வந்து மூன்றாவது வாரம், எதிர்வீட்டுக் கதவில் ஒரு மலர்வளையம் தொங்குவதைப் பார்த்தேன். டிசம்பர் மாதம். மகள் சுகன்யாவைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பச்சை இலைகளை வட்டமாகக் கட்டி, சிவப்பு ரிப்பன் வைத்து, கதவின் நடுவில் ஆணியடித்து மாட்டியிருந்தது. நான் சாத்தூர்ப் பக்கம் பிறந்து திருத்தங்கலில் பிழைத்தவன். எங்கள் பக்கம் மலர்வளையத்துக்கு ஒரே ஒரு வேலைதான், அது யாருடைய நெஞ்சின் மேலாவது படுத்திருக்கும். அந்த வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள், எதிர்வீட்டில் இருந்துகொண்டு துட்டி கேட்கப் போகாவிட்டால் மனுஷனா என்று தோன்றியது. குல்லாவைக் கழற்றினேன், வாசலில் செருப்பைக் கழற்றினேன், கதவைத் தட்டினேன். ஐம்பது ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் திறந்தார். கைகூப்பி, தலை குனிந்து, “சாரி, வெரி சாரி” என்றேன். அவர் முழித்தார். “ஹூ?” என்று கேட்டேன், யார் தவறியது என்ற அர்த்தத்தில். “ஒன்லி மீ, லவ்” என்றார் அவர். வீட்டில் தான் மட்டும்தான் என்கிறார், அப்படியானால் போனது புருஷன்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். டீ வேண்டுமா என்றார், துட்டி வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பதால் வேண்டாம் என்றேன். கேக் எடுத்து வந்தார், அதையும் தள்ளி வைத்தேன். பத்து நிமிடம் தரையைப் பார்த்துக்கொண்டு முறைப்படி துக்கமாக உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்து, போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் வெளியேறினேன். துட்டி வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது நம் எல்லாருக்கும் தெரியும், அந்தம்மாவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். சுடுதண்ணீர்க் குழாயை எப்படித் திருகுவதென்று அப்போது எனக்குப் பிடிபட்டிருக்கவில்லை. மத்தியானம் கண்விழித்து இறங்கி வந்த என் மனைவி ஈஸ்வரி, நான் பல் கிட்டிப்போய்ப் போர்வைக்குள் நடுங்குவதைப் பார்த்துக் காரணம் கேட்டாள். சொன்னேன். அவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அது கிறிஸ்துமஸுக்கு மாட்டுறதுங்க. தெருப்பூராவும் மாட்டியிருக்காகளே, தெருவுல எல்லாருமா செத்துப்போனாக?” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவள் அன்று சிரித்ததைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தச் சிரிப்பை நம்பித்தான் பின்னால் அவ்வளவு பெரிய தப்பைச் செய்தேன்.

ஈஸ்வரி நர்ஸ். மதுரையில் படித்து, அங்கேயே தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, ஏஜென்சி மூலமாக இந்த நாட்டின் மேற்கே இருக்கிற இந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு எடுக்கப்பட்டு வந்தாள். அவள் வந்து ஒரு வருடம் கழித்து, இரண்டாயிரத்து இரண்டின் கடைசியில், நானும் ஆறு வயது சுகன்யாவும் வந்து சேர்ந்தோம். என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்தினார்கள். இவன் இந்நாட்டில் இருக்கலாம், ஆனால் வேலை செய்யக் கூடாது, தொழில் செய்யக் கூடாது, எந்த உத்தியோகத்திலும் சேரக் கூடாது. திருத்தங்கலில் பதினான்கு வருடம் ஆப்செட் மிஷின்மேனாக இருந்தவனுக்கு இப்படி ஒரு சர்டிபிகேட். பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டுகிற லேபிளில் மயிலும் புலியும் ராக்கெட்டும் பளபளவென்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் பாதி என் மிஷினில் ஓடியதாக இருக்கலாம். நான்கு வண்ணமும் ஒன்றின் மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும், பிசகினால் மயிலுக்கு இரண்டு அலகு வந்துவிடும். என் மிஷினில் எந்த மயிலுக்கும் இரண்டு அலகு வந்ததில்லை. அப்படிப்பட்டவன் இங்கே காலையில் பிள்ளைக்குத் தலை பின்னி, மதியம் சோறு வடித்து, சாயங்காலம் சன்னலில் நின்று மழை பார்த்தேன். எங்கள் பக்கம் மழையைப் பார்ப்பதென்றால் தவம் கிடக்க வேண்டும். இங்கே மழை வேலையில்லாத ஆள் மாதிரி நாள் முழுக்க வாசலில் நின்றது, நான் வேலையில்லாமல் உள்ளே நின்றேன்.

நகக்கண்ணில் ஏறிய மை மட்டும் கொஞ்ச நாள் கூட இருந்தது. பதினான்கு வருட மை, மண்ணெண்ணெய்க்கும் போகாது. நகம் வளர வளர அந்தக் கறுப்பு நுனிக்கு நகர்ந்தது. ஒருநாள் நகவெட்டியால் வெட்டிய துண்டோடு அதுவும் போய்விட்டது. அன்று எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஊருக்கு போன் போடும்போது அம்மாவிடம், இங்கேயும் ஒரு பிரஸ்ஸில்தான் இருக்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். பொண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்று நம் ஊரில் ஒருத்தனைச் சொன்னால் அதன் பிறகு அவன் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது. என்னைப் போல வந்து மாட்டிக்கொண்ட ஆண்கள் இதைப் படித்தால், நீங்களும் ஏதோ ஒரு பிரஸ்ஸில் இருப்பதாகத்தான் சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

எதிர்வீட்டுப் பெண்ணின் பெயர் பிரீடா. நான் துட்டி கேட்ட கதையை ஈஸ்வரி ஆஸ்பத்திரியில் சொல்லி, அது ஊர் முழுக்கச் சுற்றி, அவர் காதுக்கும் போனது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இந்த ஊரிலும் சாவு வீட்டுக்குத் தெருவே போய் உட்கார்ந்து, ‘சாரி ஃபார் யுவர் ட்ரபிள்’ என்று சொல்லி வருகிற பழக்கம் உண்டாம். முறையெல்லாம் சரியாகத்தான் செய்தாய், ஆள்தான் சாகவில்லை என்றார். மாரிமுத்து என்கிற என் பெயரைக் கேட்ட அன்றைக்கே மார்ட்டி என்று சுருக்கிவிட்டார். வாய்க்கு வாய் ‘லவ்’ என்று கூப்பிடுவார். அவர் ரொட்டிக்காரனையும் அப்படித்தான் கூப்பிடுகிறார் என்று தெரிகிற வரைக்கும் நான் அவர் வீட்டுப் பக்கம் போகக் கொஞ்சம் கூச்சப்பட்டேன்.

அடுத்த செப்டம்பரில் ஒருநாள் அவர் வீட்டுப் பக்கவாட்டில் கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததை எங்கள் சன்னலிலிருந்து பார்த்தேன். சர்ச்சில் டிசம்பரில் நடக்கும் விற்பனைக்கு உயிருள்ள வளையம் ஒன்று செய்யப் போவதாகச் சொன்னார். வெட்டிய இலைகள் பத்து நாளில் கருகிவிடும், இது வருடக்கணக்கில் வளருமாம். பழைய மாட்டுக்கொட்டகையின் கல்கூரை மேல் ஒரு செடி அப்பிக்கிடந்தது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும். ஹவுஸ்லீக் என்றார். நம் கற்றாழையைக் கைக்குழந்தையின் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, தாமரை மாதிரி அடுக்கி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. சதைப்பற்றான இலை, கிள்ளினால் தண்ணீர். பச்சையில் ஒன்று, ஊதா நுனியோடு ஒன்று, சாம்பல் பூத்தாற்போல் ஒன்று. பிரீடா கட்டிய கம்பிவளையம் முட்டைபோல் கோணிக்கிடந்தது. நான் பொறுக்கமாட்டாமல் தெருவைத் தாண்டிப் போய் வாங்கிக்கொண்டேன். சும்மா இருக்கிற கை அடுத்தவர் வேலையைப் பார்த்தால் அரிக்கும்.

செய்முறை கடினமில்லை, ஆனால் அவசரம் ஆகாது. செடிகளைக் கொஞ்சம் தண்டோடு வெட்டி, நிழலில் இரண்டு மூன்று நாள் சும்மா போட வேண்டும், வெட்டுவாய் காய்ந்து மூடினால்தான் அழுகாது. சதுப்பு நிலத்துப் பாசியை நனைத்துப் பிழிந்து கம்பிவளையத்துக்குள் திணித்து, மெல்லிய கம்பியால் இறுக்கிச் சுற்ற வேண்டும். பென்சிலால் பாசியில் துளை போட்டு, தண்டைச் சொருகி, வளைத்த கம்பி ஊசியால் குத்தி நிறுத்த வேண்டும். இடைவெளி தெரியாமல் செடிக்குச் செடி தோளுரச வேண்டும். என் அம்மா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னியவள். திரியைப் பிடித்து வெடிக்கு வெடி இடம் விடாமல் அவள் பின்னுவதைப் பார்த்து வளர்ந்த கை இது. வண்ணத்தை உட்கார வைப்பது என் சொந்தத் தொழில். ஒரு மத்தியானத்துக்குள் முதல் வளையம் முடிந்தது. பிரீடா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். எனக்கு முதுகு வலித்தது, விரல் நுனியில் கம்பி கீறி எரிந்தது, பத்து மாதத்துக்குப் பிறகு அன்றுதான் பசித்துச் சாப்பிட்டேன்.

கதவில் இப்போது மாட்டலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். செய்தவுடன் நிமிர்த்தினால் செடியெல்லாம் உதிர்ந்துவிடும், வேர் பாசியைப் பிடிக்கிற வரை ஆறு வாரம், எட்டு வாரம் வெளிச்சத்தில் கிடத்தியே வைக்க வேண்டும். எங்கள் பிரஸ் வாசலில் கண்திருஷ்டிக்காக ஒரு கற்றாழையை வேரோடு தலைகீழாகக் கட்டியிருந்தோம், மண்ணுமில்லாமல் தண்ணீருமில்லாமல் அது அந்தரத்தில் தொங்கியபடியே ஒரு வருடம் கழித்துப் பூவே வைத்தது என்று நான் என் உடைந்த இங்கிலீஷில் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, ‘புவர் திங்’ என்று அந்தக் கற்றாழைக்காகப் பரிதாபப்பட்டார்.

சர்ச்சில் வேறு பெண்கள் அதைப் பார்த்து ஆளுக்கொன்று கேட்டார்கள். பணம் தருவதாகச் சொன்னார்கள், நான் பாஸ்போர்ட்டை நினைத்துப் பயந்துபோய் வேண்டவே வேண்டாம் என்றேன். அக்டோபர் நடுவில் ஏழு வளையம் ஆகியிருந்தது. பிரீடா வீட்டில் வெளிச்சம் போதாது என்று எங்கள் வீட்டுப் பின்பக்கக் கண்ணாடித் தாழ்வாரத்தில், தரையில் செய்தித்தாள் விரித்து, வரிசையாகக் கிடத்தினேன். ஈஸ்வரிக்கு அந்த வாரம் முழுக்க இரவு டியூட்டி, முன்கதவு வழியாக வருவாள், நேரே மாடிக்குப் போய்ப் படுத்துவிடுவாள். பின்பக்கம் அவள் வரவே இல்லை. வளையக் கதையைக் கேட்டு அன்று அப்படிச் சிரித்தவள்தானே, முடிந்ததும் காட்டலாம் என்று நானும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது, அதுதான் முக்கியம். திருத்தங்கலில் என் முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். கையில் மை படாத முதலாளி இல்லை, மிஷினுக்கு அடியில் படுத்து நட்டு முடுக்குகிறவர். அவரோடு மாதம் ஒருதரம் பேசுவேன். அவரிடம் மட்டும் பொய் சொல்ல வாய் வரவில்லை, சும்மா இருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். அந்த மாதம் பேசும்போது, “ஏலே மாரி, புது மிஷினு வருதுலே. நாலு கலர் ஒரே ஓட்டம். தையில எறக்குதோம். ஒன்னைத்தான்லே மனசுல வச்சிருக்கேன். செல்வம் கேக்கான், ஒனக்கப்புறந்தான்னுட்டேன்” என்றார். செல்வம் என் மிஷினில் எனக்கு உதவியாளாக இருந்தவன். “எம்புட்டு நாளைக்குலே அங்கன பொம்பளை மாதிரி அடுப்பூதிக்கிட்டுக் கெடப்ப? தீபாவளி கழிச்சு ஒரு சொல்லு சொல்லு. வாரியா, இல்லையா?” நாலு கலர் ஒரே ஓட்டம் என்றால் அது சாதாரண காரியமில்லை. பதினான்கு வருடமாக ஒவ்வொரு கலராக ஏற்றி இறக்கியவன் கனவு அது.

ஈஸ்வரியிடம் சொன்னேன். பிள்ளையும் நானும் போகிறோம், நீ ஒப்பந்தம் முடித்துவிட்டு வா என்றேன். அவள் யூனிபார்மை இஸ்திரி போட்டாள், போட்ட சட்டையையே மறுபடி போட்டாள். ஒரு வாரம் அவள் வாயிலிருந்து பதில் வரவில்லை. சரி என்றுதான் அர்த்தம் என்று எடுத்துக்கொண்டு, எந்தப் பெட்டியில் என்ன வைக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை காலை நல்ல மழை. சுகன்யா மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஈஸ்வரி டியூட்டி முடிந்து நனைந்துகொண்டு வந்தவள், செருப்பில் சேறாக இருக்கிறதென்று பின்பக்கம் சுற்றி வந்து தாழ்வாரக் கதவைத் திறந்தாள். நான் குத்தவைத்து உட்கார்ந்து வளையங்களுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். அவள் அப்படியே நின்றாள். “யாருக்குங்க இது?” என்று கேட்டாள். என் வேலையை அவள் பார்த்துவிட்டாள் என்கிற பெருமையில் நான் எழுந்து, வரிசையின் தலைப்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கையைக் காட்டிச் சொன்னேன். “இது பிரீடாவுக்கு. இது மேரிக்கு. இது கேத்லீன். அந்தா அது ரெண்டும் அக்கா தங்கச்சி, ஒரே வீடு...” நாலாவது பெயரிலோ ஐந்தாவது பெயரிலோ நிமிர்ந்து பார்த்தேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மழை அவள் முதுகில் விழுந்துகொண்டிருந்தது.

ஈஸ்வரியின் அக்கா பேச்சியம்மா. பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற வேலை பார்த்தவள். தங்கச்சி மதுரையில் நர்ஸிங் படித்தது அக்கா கைக்காசில். நான் ஈஸ்வரியைக் கல்யாணம் செய்வதற்கு இரண்டு வருடம் முன்னால், கம்பெனியில் ஒரு ரூமில் பிடித்த தீ அடுத்தடுத்த ரூம்களுக்கும் போய், பேச்சியம்மாவும் கூட வேலை பார்த்தவர்களும் போய்விட்டார்கள். இது எனக்குத் தெரியும். அக்காவின் படத்தைக் கும்பிட்டுத்தான் நான் தாலி கட்டினேன். ஆனால் நான் அன்று ஆஸ்பத்திரி வாசலில் இல்லை. ஈஸ்வரி இருந்தாள். மழைச் சத்தத்தில் அவள் சொன்னதை நான் கிட்டே போய்க் குனிந்துதான் கேட்க முடிந்தது.

“வெராண்டாவுல வரிசையா போட்டிருந்தாக. வெள்ளைத்துணி. பெரிய ஆளுக கார்ல வந்து எறங்குனாக, பின்னாலேயே வளையமும் வந்துச்சு. ஒரு ஆளு சீட்டைப் பாத்துப் பேரு சொன்னாரு, ஒருத்தரு வச்சாரு. பேரு சொன்னாரு, வச்சாரு. இப்ப நீங்க சொன்னீகளே, அதே மாதிரி. அக்காவுக்கு வேற பேரைச் சொல்லி வச்சாக. அது எங்கக்கா, எங்கக்கான்னு கத்துனேன். மூஞ்சிய வச்சு எப்படிச் சொல்லுவ, போம்மான்னாக. மெட்டிய வச்சு நான் சொன்னேன். அதுக்குள்ள அவுக காருல ஏறிட்டாக. வேற பேருக்கு வச்ச வளையத்தோடதான் எங்கக்கா போனா.”

அவள் இதை அதற்கு முன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம். என் மனசில் பல வருடமாகக் கிடந்த ஒன்று அப்போது வாய்க்கு வந்துவிட்டது. அந்த வெடிச்சத்தம் திருத்தங்கலுக்குக் கேட்டது. நாங்கள் எல்லாரும் மொட்டைமாடிக்கு ஓடிப்போய்ப் புகையைப் பார்த்தோம். எந்தக் கம்பெனி என்று ஆளுக்கொரு பெயர் சொன்னோம். அண்ணாச்சி கீழேயிருந்து கூப்பிட்டார், லாரி நிற்கிறது, லோடு ஏற்ற வேண்டும் என்றார். இறங்கி வந்து மிஷினைப் போட்டேன். சீசன் நேரம். சாயங்காலம் வரைக்கும் லேபிள் ஓடியது. “அன்னைக்கு நான் மிஷினை நிப்பாட்டல ஈஸ்வரி” என்றேன்.

“தெரியும்” என்றாள். “யாருதான் நிப்பாட்டுனாக?”

அப்புறம் எழுந்து, ஈர யூனிபார்மின் ஓரத்தைப் பிழிந்தாள். ஒரு வாரமாக நான் காத்திருந்த பதிலை அப்போதுதான் சொன்னாள். “ஒங்களை நான் இங்கன அடைச்சு வச்சிருக்கேன்னு நெனைக்கீக. எனக்கு மட்டும் என்ன தெறந்தா கெடக்கு? அந்த ஆஸ்பத்திரிய விட்டு நான் வெளிய கால் வச்சா விசாவும் போச்சு. ஒரு தப்பு பண்ணிருவமோன்னு நெதம் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத்தான் போறேன். ஒங்களுக்குப் போகணும்னா போங்க, நான் கையப் பிடிக்கல. எம்பிள்ள வரமாட்டா. அந்தச் சத்தம் கேக்குற ஊருல எம்பிள்ள வளர மாட்டா.” மாடிப்படியில் நின்று திரும்பிப் பார்க்காமல், “அதையெல்லாம் மொதல்ல எடுத்துருங்க” என்றாள்.

எடுத்தேன். பிரீடாவின் மாட்டுக்கொட்டகைக்கு ஒவ்வொன்றாகக் கிடைமட்டமாகத் தூக்கிக்கொண்டு போனேன். அவசரத்தில் இரண்டாவது வளையத்தைச் சாய்த்துப் பிடித்துவிட்டேன், பாதிச் செடி தெருவில் உதிர்ந்தது. மழையில் உட்கார்ந்து பொறுக்கினேன். அடியில் நூல் போல வெள்ளையாக வேர் விட்டிருந்தது, ஆனால் எதையும் பிடித்திருக்கவில்லை. இதில் தத்துவம் தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும், எனக்கு அன்று எல்லாவற்றின் மேலும் எரிச்சலாக இருந்தது. பிரீடா குடையோடு வந்து காரணம் கேட்டார். எங்கள் ஊரில் இது செத்தவர்களுக்கு என்றேன். இங்கேயும் கல்லறைக்கு வைப்போமே என்றார். நெருப்பு என்றேன், மனைவியின் அக்கா என்றேன். அதற்கு மேல் எனக்கு இங்கிலீஷ் இல்லை. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, ஆறுதலாகத்தான் அந்த விஷயத்தைச் சொன்னார். அந்தக் காலத்தில் கூரையில் இந்தச் செடியை எதற்கு வளர்த்தார்கள் தெரியுமா, இடி விழாது, வீடு தீப்பிடிக்காது என்று நம்பி வளர்த்தார்கள் என்றார்.

அதை ஈஸ்வரியிடம் சொன்னால் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்து இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். அவள் கேரட் நறுக்கிக்கொண்டே கேட்டாள். “அம்புட்டு சக்தி இருந்தா அந்தச் செடியக் கொண்டுபோயி நம்மூருல ரூமுக்கு ரூம் வைக்கச் சொல்லுங்க” என்றாள்.

தீபாவளிக்கு இங்கே ஒரு வெடிச்சத்தமும் இல்லை. சுகன்யா பள்ளிக்குப் போனாள், ஈஸ்வரி டியூட்டிக்குப் போனாள், நான் தனியாக எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நாள் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போய்விடலாம் என்று பத்துத் தரம் முடிவு செய்தேன். பத்துத் தரமும் அந்த வெராண்டாவில் சீட்டைப் பார்த்துப் பெயர் வாசித்த ஆள் குறுக்கே வந்து நின்றான். நான் போய்விட்டால் என் மகளுக்கு அப்பன் என்பது ஒரு பெயராகத்தான் இருக்கும், போனில் வந்து போகிற பெயர். வேறு பெயருக்கு வைத்த அந்த வளையம்தான் என்னை இங்கே உட்கார வைத்தது, பெண்டாட்டி மேல் உள்ள பாசம் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிக்கொள்ள மாட்டேன். அன்று எனக்கு அவள் மேல் கோபம்தான் அதிகம். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்பதால் வந்த கோபம்.

மறுநாள் அண்ணாச்சிக்குப் போன் போட்டு வரவில்லை என்றேன். “முந்தானையில முடிஞ்சு வச்சிட்டாளாலே?” என்றார். ஆமா என்றேன். “சரிலே. செல்வத்தைப் போட்டுருதேன். பிள்ளைய நல்லாப் படிக்க வை” என்று வைத்துவிட்டார்.

டிசம்பரில் என் வளையங்கள் கதவுகளில் ஏறின. உதிர்ந்ததை மறுபடி சொருகிய அந்த ஒன்றும் சேர்த்து ஏழும் நன்றாக வேர் பிடித்திருந்தன, பச்சையும் ஊதாவும் சாம்பலும் பிசகாமல் உட்கார்ந்திருந்தன. சுகன்யா பள்ளிக்குப் போகிற வழியெல்லாம், இது அப்பா செய்தது, அதுவும் அப்பா செய்தது என்று எண்ணிக்கொண்டு வந்தாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, தலை குனிந்துகொள்ளவும் தோன்றியது. ஈஸ்வரி அந்த மாதம் முழுக்க ஆஸ்பத்திரிக்குத் தெரு வழியாகப் போகவில்லை. ஆற்றுப் பாலத்தைச் சுற்றி, கூட அரைமணி நேரம் நடந்து போனாள். நான் அவள் மழைக்கோட்டை எடுத்து வாசலில் வைப்பேன்.

தை பிறந்து இரண்டாவது சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வீட்டுப் போன் அடித்தது. ஊரில் மத்தியானம் மூன்று. அண்ணாச்சி. புதுசாகச் செல்போன் வாங்கியிருந்தார். “ஏலே மாரி, காலையில பூஜை போட்டாச்சு. இப்ப மொத ஓட்டம். செல்வம் மேல நிக்கான். ஒன் காதுலயும் விழட்டும்னுதான் போட்டேன், கேளுலே” என்றார். போனை மிஷினுக்குப் பக்கத்தில் நீட்டியிருப்பார் போல. மிஷின் கிளம்பும் மணி அடித்தது, கம்ப்ரஸர் மூச்சு வாங்கியது, அப்புறம் உருளைகள் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு, நாலு கலரும் ஒரே ஓட்டமாக ஓடத் தொடங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்தக் காதில் திருத்தங்கல் முழுசாக இருந்தது. அந்தக் காதில் சுகன்யா மேசையில் உட்கார்ந்து, பள்ளியில் கற்றுக்கொடுத்த ஐரிஷ் மொழிப் பாட்டை, எனக்கு ஒரு சொல்லும் புரியாத பாட்டை, வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கேட்டது. காகிதத்தை உறிஞ்சி எடுக்கிற இடத்தில், நாலைந்து தாளுக்கு ஒருதரம், ஒரு சின்ன இழுப்பு. இரண்டு தாள் சேர்ந்து போகிறது. கொஞ்ச நேரம் விட்டால் உள்ளே போய்ச் சுருட்டிக்கொண்டு உருளையில் சுற்றிய ரப்பர் பிளாங்கெட்டையே கிழித்துவிடும். “அண்ணாச்சி, ரெட்டைத்தாள் போகுது, நிப்பாட்டச் சொல்லுங்க! ஏலே செல்வம், காத்தைக் கொறைலே!” என்று கத்தினேன். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? மறுபடி கத்தினேன். சுகன்யா பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “அப்பா, யாரைத் திட்டுற?” என்றாள். மாடியில் ஈஸ்வரி கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த இழுப்பும் கூடவே ஓடியது.

போனில் அண்ணாச்சியின் மூச்சு திரும்ப வந்தது. சந்தோஷத்தில் அவருக்கு வார்த்தை தடுமாறியது.

“கேட்டியாலே? எப்படி ஓடுது?”

மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படியில் ஈஸ்வரி நின்றாள். அங்கே மிஷின் மேல் நிற்பது செல்வம், நான் இல்லை.

“நல்லா ஓடுது அண்ணாச்சி” என்றேன்.